மரத்தில் ஏறாதீர்கள், மல்லாந்து படுக்காதீர்கள்

இரண்டு நண்பர்களும் ஒரு கரடியும் கதையைப் படிக்காமல் நம்மில் யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்திருக்க மாட்டோம். ஒருவன் சட்டென்று மரத்தில் ஏறிவிடுவான். ஏறத் தெரியாதவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு செத்தவன் மாதிரி படுத்துவிடுவான். கரடி வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆபத்தில் விட்டுவிட்டு ஓடுகிறவனை நம்பாதே என்பது பாடம். அந்தப் பாடத்தின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் நட்பை மறந்துவிட்டுக் கரடியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டவர்கள் நம்மில் ஏராளம். கரடி வந்தால் ஒன்று மரத்தில் ஏறு, இல்லையென்றால் படுத்துக்கொள் என்று நாற்பது வயதிலும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

என் புகுந்த வீடு கோத்தகிரிப் பக்கம். கொல்லைக் கதவைத் திறந்தால் தேயிலை, தேயிலை முடிகிற இடத்தில் சோலை. கரடி அங்கே பெரிய செய்தி இல்லை. "நேத்து ராத்திரி கோயில் கதவை உடைச்சு விளக்குல இருந்த எண்ணெயைக் குடிச்சிட்டுப் போயிருக்கு" என்று பால் ஊற்ற வருகிறவர் சொல்வார். "எந்தக் கோயில்?" என்று மட்டும் கேட்டுவிட்டு என் மாமியார் பாத்திரத்தை நீட்டுவார். கோடை விடுமுறைக்குக் கீழேயிருந்து ஏறி வருகிற சொந்தக்காரர்களுக்குத்தான் கரடி என்றால் ஒரு சிலிர்ப்பு. கூடவே கைநிறைய யோசனைகளும் கொண்டு வருவார்கள்.

"கறுப்பா இருந்தா எதிர்த்துச் சண்டை போடணும் சித்தி, பழுப்பா இருந்தா படுத்துடணும்" என்று ஒரு பையன் யூடியூபில் பார்த்ததைச் சொல்வான். இன்னொருவர் வாட்ஸப் ஆதாரத்தோடு வருவார்: "இறக்கத்துல ஓடணும். முடி கண்ணுல விழுந்து அதுக்கு வழி தெரியாது." ஒவ்வொரு வருஷமும் வாயால் மறுத்துச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன். காட்டோரம் வசிக்கிறவர்கள், வனத்துறை ஆட்கள், கரடியை ஆராய்கிறவர்கள் மூவரும் ஒத்துப்போகிற விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கரடி பத்தடி தூரத்தில் வந்து நின்ற பிறகு நம் கையில் மிச்சமிருப்பது ரொம்பக் கொஞ்சம். செய்ய வேண்டியதில் முக்கால்வாசியை அதற்கு முன்னாலேயே செய்து முடித்திருக்க வேண்டும்.

எந்தக் கரடி?

உலகத்தில் இருப்பது 8 வகைக் கரடிகள். அதில் 4 வகை இந்தியாவில் உண்டு. இமயமலைப் பக்கம் கறுப்புக் கரடியும் பழுப்புக் கரடியும், வடகிழக்கில் சூரியக் கரடி, மற்றபடி நாடு முழுக்கப் பரவியிருப்பது தேன்கரடி. தமிழ்நாட்டில் இருப்பது இந்தத் தேன்கரடி மட்டும்தான். நீலகிரி, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை என்று எங்கே பார்த்தாலும் இதே ஆள்தான். இலங்கையில் இருப்பதும் இதன் கிளையினம்தான்.

அந்தப் பையன் சொன்ன கறுப்பு, பழுப்புச் சூத்திரம் வட அமெரிக்காவுக்கானது. அங்கேயிருக்கும் கறுப்புக் கரடிக்குப் பயம் வந்தால் மரத்தில் ஏறித் தப்பிப்பதுதான் வழக்கம். அபூர்வமாக மனிதனை விடாமல் பின்தொடர்ந்து தாக்கினால், இரையாக நினைத்து வருகிறது என்று பொருள். அதனால் கையில் கிடைத்ததை எடுத்து எதிர்த்துப் போராடு என்கிறார்கள். கிரிஸ்லி என்கிற பழுப்புக் கரடி பெரும்பாலும் குட்டியையோ தன் இரையையோ காப்பதற்காகத் தாக்கும். எதிராளி அடங்கிவிட்டான் என்று தெரிந்தால் விலகிவிடும். அதனால் படுத்துவிடு என்கிறார்கள். இரண்டும் அந்த ஊருக்குச் சரியான யோசனைகள்தான்.

நம் கரடியோ நிறத்தில் கறுப்பு, குணத்தில் கிரிஸ்லிப் பக்கம். யூடியூப் சூத்திரத்தை நம்பி வால்பாறையில் ஒருவர் கறுப்பைக் கண்டதும் முஷ்டியை மடக்கிக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

புலியோடு வாழ்ந்து பழகிய பிராணி

தேன்கரடியின் சாப்பாடு கரையான், எறும்பு, பழம், தேன். மாமிசத்துக்காக வேட்டையாடும் பிராணி இல்லை. அப்படியிருந்தும் இந்தியக் காடுகளில் மனிதர்கள் ரொம்பப் பயப்படுகிற விலங்குகளில் ஒன்றாக இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 1989 ஏப்ரல் முதல் 1994 மார்ச் வரை ஐந்து வருஷத்தில் 735 பேரையாவது கரடி தாக்கியிருக்கிறது. அதில் 48 பேர் இறந்திருக்கிறார்கள். அப்போது சத்தீஸ்கரும் அந்த மாநிலத்துக்குள்தான் இருந்தது.

கரையான் தின்கிற பிராணிக்கு இவ்வளவு ஆவேசம் எதற்கு? புலியால் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். தலைமுறை தலைமுறையாகப் புலியும் சிறுத்தையும் இருக்கிற காட்டில் வாழ்ந்து வந்த கரடி இது. ஓடினால் புலி பிடித்துவிடும். மரத்தில் ஏறினால் சிறுத்தையும் ஏறும். எனவே மிரண்டால் எதிரே பாய்வது, இரண்டு காலில் எழுந்து நின்று கத்துவது, நகத்தால் விளாசுவது என்பதே அதற்குத் தெரிந்த தற்காப்பு. 2018-இல் மகாராஷ்டிரத்தின் தாடோபா காட்டில் எடுத்த ஒரு வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். குட்டியோடு தண்ணீருக்கு வந்த தாய்க்கரடி ஒரு வளர்ந்த ஆண்புலியோடு புரண்டு சண்டை போட்டு, கடைசியில் அதை விரட்டியும் விடுகிறது. புலியிடமே அப்படி என்றால், விறகுக் கட்டோடு வருகிற நம்மிடம் தயங்குமா?

குட்டியுள்ள தாய் இன்னும் மோசம். குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிவது கரடிகளிலேயே இந்த வகைக்கு மட்டும் உள்ள பழக்கம். பெரும்பாலும் பனிக்காலத்தில் குகையிலோ பாறை இடுக்கிலோ பிறக்கிற குட்டிகள், இரண்டு மூன்று மாதத்தில் தாயின் முதுகு ரோமத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும். மற்ற கரடிகள் அந்தியிலும் இரவிலும் நடமாடும்போது, குட்டிக்காரி பகலிலும் நடமாடுவாள்.

ஆக, கரடி நம்மைத் தேடி வருவதில்லை. நாம் திடீரென்று பக்கத்தில் போய் நிற்கிறோம். அது பயந்து பாய்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா யோசனைகளும் தானாக வரும்.

நாம் வருவது அதற்கு ஏன் தெரிவதில்லை?

கரடிக்கு மோப்பம் அபாரம். கண்ணும் காதும் சுமார். காற்று நம் பக்கமாக வீசினால் மோப்பமும் உதவாது. இதோடு அதன் சாப்பாட்டு முறையும் சேர்ந்துகொள்கிறது.

ஒரு நாள் காலை, வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரோடு சோலை ஓரமாக நடந்துபோனோம். பாதையோரத்தில் இடுப்பளவு உயரப் புற்று ஒன்று பிளந்து கிடந்தது. உள்ளே கை முட்டி வரை போகிற ஆழத்துக்குக் குழி. சுற்றிலும் ஈரமண் சிதறியிருந்தது. குழியின் பக்கவாட்டில் ஐந்து கோடுகள், சீப்பால் வாரியது போல் சமமாக இறங்கியிருந்தன. அவர் ஒரு குச்சியால் மண்ணைக் கிளறினார்.

"விடியக்காலைல தோண்டினதுக்கா. கரையான் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு பாருங்க, அடைக்க ஆரம்பிக்கல. பழசா இருந்தா வாயை மண்ணால மூடியிருக்கும்."

"அப்ப இங்கதான் எங்கேயாவது இருக்குமாண்ணே?"

"இருக்கும். அதுக்குத்தான் வந்ததுலேர்ந்து சத்தமாப் பேசிக்கிட்டு வர்றேன்."

நான் அவரை வாயாடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் தள்ளிக் கரடியின் எச்சம் கிடந்தது. முழுக்க முழுக்கப் பழக்கொட்டைகள், நடுநடுவே எறும்புத் தலைகள். "தின்னும்போது இது போடுற சத்தத்தைக் கேட்டிருக்கீங்களா?" என்றார். மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இதற்குக் கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் கரையானை உறிஞ்சும். முதலில் புஸ்ஸென்று ஊதி மண்ணைத் தள்ளும், மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ளும், பிறகு உறிஞ்சும். காலியான இளநீரை ஸ்ட்ராவால் விடாமல் உறிஞ்சினால் வருகிற சத்தத்தைப் பலமடங்கு பெரிதாக்கிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 100 மீட்டர் தாண்டியும் கேட்கும். அவ்வளவு சத்தத்துக்கு நடுவே தலையைக் குழிக்குள் விட்டுக்கொண்டிருக்கிற பிராணிக்கு நம் ரப்பர் செருப்புச் சத்தம் எப்படிக் கேட்கும்?

இதில் நமக்கும் ஒரு லாபம் உண்டு. நம் காதுக்கு அந்தச் சத்தம் கேட்குமே! காட்டுப் பாதையில் இயர்போன் மாட்டிக்கொண்டு நடக்கிறவர்களிடம் நான் சண்டைக்கே போவது இதனால்தான்.

சத்தம், கூட்டம், கம்பு

என் மாமியார் தேயிலை பறிக்கப் போன காலத்தில், காலையில் முதல் வரிசைக்குள் இறங்கும் முன்னால் யாராவது ஒருவர் டிபன் தூக்கின் மூடியைக் கம்பால் தட்டுவார்களாம். அப்புறம் ஊர்க்கதை ஆரம்பித்துவிடும். "நாங்க பேசறதைக் கேட்டே அது போயிடும்மா. யார் வீட்டு வம்புன்னாலும் அதுக்கு ஆகாது" என்பார். கேலியாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். மனிதர்கள் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் பெரும்பாலான கரடிகள் விலகிப் போய்விடும். அதற்கு நேரமும் வழியும் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

தனியாகப் போகாதீர்கள். மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, பேசிக்கொண்டே போங்கள். பாதை வளைகிற இடம், ஓடை இரைகிற இடம், புதர் இரண்டு பக்கமும் நெருக்குகிற இடம் வந்தால் குரலை உயர்த்துங்கள், கைதட்டுங்கள். பகலில் கரடி படுத்திருக்க விரும்புகிற இடம் உண்ணிச்செடிப் புதர், பாறை இடுக்கு, ஓடைக்கரை நிழல். போட்டோவுக்காக அங்கே தலையை நீட்டாதீர்கள். விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் காட்டுப் பாதையை விட்டுவிடுங்கள். போயே ஆகவேண்டும் என்றால் நல்ல டார்ச் வேண்டும். செல்போன் வெளிச்சம் உங்கள் காலுக்கு மட்டும்தான் போதும்.

எந்தப் பருவத்தில் எந்தப் பழம் என்பதையும் கவனியுங்கள். கொன்றைக்காய் கறுத்துத் தொங்கும்போதும், நாவல் கொட்டும்போதும், பலா வெடித்துக் கிடக்கும்போதும் மரத்தடியில் நமக்கு முன்னால் ஒருவர் வந்திருக்கலாம். மத்திய இந்தியாவில் இலுப்பை இனப் பூவான மகுவா உதிர்கிற மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஜனங்கள் இருட்டோடு எழுந்து பூப் பொறுக்கப் போவார்கள். கரடிக்கும் அதே பூதான் வேண்டும். அந்தப் பக்கத்துத் தாக்குதல்களில் கணிசமானவை அப்படி நடந்தவை. இலங்கையின் வில்பத்து, யால காடுகளில் பாலைப்பழம் பழுக்கிற பருவத்தில் கரடி மரத்தின் மேலேயே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும்.

கம்பு பற்றி ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் திருப்பதி அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அந்தப் பாதைப் பக்கம் கரடி நடமாட்டமும் தெரியவந்தது. அதன் பிறகு நடந்து ஏறுகிறவர்களுக்கு தேவஸ்தானம் கைத்தடி கொடுக்கப்போவதாகச் சொன்னதும் சமூக ஊடகங்களில் ஒரே கிண்டல். சிறுத்தையைக் கம்பால் அடிக்க முடியுமா என்று கேட்டார்கள். காட்டில் நடந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். கம்பு முதலில் தட்டிச் சத்தம் போட உதவும், புதரை விலக்க உதவும், நம்மைக் கொஞ்சம் பெரிய ஆளாகக் காட்டும். கடைசி நொடியில் நமக்கும் நகத்துக்கும் நடுவில் இரண்டடி இடைவெளியாகவும் நிற்கும். எங்கள் பக்கம் வயதானவர்கள் யாரும் கம்பில்லாமல் வெளியே இறங்க மாட்டார்கள்.

நாயை அவிழ்த்துவிட்டுக் கூட்டிப் போகாதீர்கள். அது வீராவேசமாகக் குரைத்துக்கொண்டு ஓடும். கரடி திரும்பித் துரத்தினால் நேராக உங்களிடம்தான் ஓடிவரும், கரடியையும் கூட்டிக்கொண்டு.

பார்த்துவிட்டீர்கள். இப்போது?

தூரத்தில், அது உங்களைக் கவனிக்கவில்லை என்றால் வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். போட்டோ எடுக்க இன்னும் நாலடி முன்னால் போகாதீர்கள். 2018-இல் ஒடிசாவின் நபரங்பூர் மாவட்டத்தில் காயம்பட்டுக் கிடந்த கரடியோடு செல்ஃபி எடுக்கப் போனவர் அந்த இடத்திலேயே செத்துப்போனார். காயம்பட்ட கரடி, குட்டியோடு இருக்கிற கரடி, தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்ட கரடி மூன்றையும் ஒரே தட்டில் வையுங்கள்.

அது உங்களைப் பார்த்துவிட்டது, எழுந்து நிற்கிறது என்றால் உடனே தாக்கப்போகிறது என்று அர்த்தமில்லை. பார்வை மங்கலான பிராணி, நீங்கள் யார் என்று பார்க்கவும் மோந்தறியவும் எழுந்து நிற்கும். முதுகைக் காட்டாமல், ஓடாமல், தணிந்த குரலில் பேசிக்கொண்டே பின்பக்கமாக நகருங்கள். குழந்தை இருந்தால் தூக்கிக்கொள்ளுங்கள். கூட வந்தவர்கள் சிதறாமல் நெருங்கி நில்லுங்கள். அது போவதற்கான வழியை மறித்துக்கொண்டு நிற்காதீர்கள். கல்லெறியவே எறியாதீர்கள்.

ஓடுவது பற்றி: தடுக்கி விழாமல் சமதரையில் ஓடினாலும் கரடி உங்களைப் பிடித்துவிடும். இறக்கத்தில் ஓடினால் அதன் முடி கண்ணை மறைக்கும் என்பது சுத்தக் கட்டுக்கதை. சரிவிலேயே பிறந்து வளர்ந்த பிராணிக்கு இறக்கம் ஒரு பொருட்டா? இறக்கத்தில் விழப்போவது நீங்கள்தான். மரம் ஏறுவது பற்றி: தேனடைக்காக உச்சிக் கிளை வரை போகிற ஆளிடம் மரத்தில் ஏறித் தப்பிக்கப் பார்ப்பதில் அர்த்தமில்லை. தவிர, நம்மில் எத்தனை பேருக்கு மூன்று நொடியில் மரம் ஏறத் தெரியும்?

பாய்ந்து வருகிறது என்றால் நிலைமை வேறு. பாதிப் பாய்ச்சலில் நின்று திரும்பிப் போகிற பொய்ப் பாய்ச்சலும் உண்டு. அதனால் நின்ற இடத்தில் நில்லுங்கள், கம்பை முன்னால் நீட்டிப் பிடியுங்கள், கத்துங்கள். கம்பையும் தாண்டி மேலே விழப்போகிறது என்று தெரிந்தால் கீழே விழுந்துவிடுங்கள். பள்ளிக்கூடக் கதையில் பாதி உண்மை இருப்பது இந்த இடத்தில்தான். ஆனால் கதைப் புத்தகத்துப் படத்தில் அவன் மல்லாந்து கிடப்பான். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

குப்புறப் படுக்க வேண்டும். முகம் தரையில் புதைய வேண்டும். இரண்டு கை விரல்களையும் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ள வேண்டும். முழங்கைகள் முகத்தின் இரண்டு பக்கமும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். புரட்டிவிடாமல் இருக்கக் கால்களைக் கொஞ்சம் அகட்டிக்கொள்ளுங்கள். முதுகில் பை இருந்தால் கழற்றாதீர்கள், அதுதான் கவசம். புரட்டிவிட்டால் உருண்டு மறுபடியும் குப்புற வந்துவிடுங்கள்.

ஏன் இத்தனை விவரம்? மேலே சொன்ன மத்தியப் பிரதேசக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். தாக்கப்பட்ட 735 பேரில் பெரும்பாலோர் உயிர் பிழைத்தவர்கள். ஆனால் இந்தக் கரடி எழுந்து நின்று அடிக்கும்போது அதன் நகம் விழுகிற உயரம் நம் முகம். புற்றை உடைப்பதற்கென்றே வளர்ந்த, விரல் நீள நகங்கள் அவை. கண், மூக்கு, தாடை, தலைத்தோல் என்று பிழைத்தவர்கள் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிற காயங்கள் பெரும்பாலும் கழுத்துக்கு மேலேதான். உயிர் எப்படியும் பிழைக்க வாய்ப்பு அதிகம், முகத்தைக் காப்பாற்றுங்கள் என்பதுதான் இந்தப் படுக்கையின் கணக்கு. தாக்குதல் பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும். அது விலகின உடனே எழுந்து ஓடாதீர்கள். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். சத்தம் அடங்கி, நிஜமாகவே போய்விட்டது என்று தெரிந்த பிறகு எழுந்திருங்கள்.

அமெரிக்காவிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் கரடி ஸ்ப்ரே பற்றிக் கேட்பார்கள். நல்ல சாமான்தான். மிளகாய்க் காரத்தின் சாற்றை மேகமாகப் பீய்ச்சுகிற டப்பா. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களைத் தொகுத்து டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோ குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்ப்ரே அடித்தபோது பழுப்புக் கரடிகளின் தொல்லை 92 சதவீதச் சம்பவங்களில் நின்றுவிட்டது. கிட்டத்தில் கரடியை எதிர்கொண்டு ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே ஏற்படவில்லை. அங்கே மலையேறப் போகிறவர்கள் கட்டாயம் வாங்குங்கள், பைக்குள் போடாமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் விமானத்தில் கொண்டுவர விட மாட்டார்கள். நம் ஊர்க் கடையில் கிடைக்கிற கைப்பை அளவு மிளகு ஸ்ப்ரே அதற்கு ஈடாகாது. புதருக்குள்ளிருந்து ஐந்தடி தூரத்தில் கிளம்புகிற கரடிக்கு முன்னால் எந்த டப்பாவையும் எடுக்க நேரமும் இருக்காது.

அடிபட்டுவிட்டால்

ரத்தம் வருகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தலைத்தோலோ முகத்தோலோ கிழிந்து தொங்கினால் பிய்த்தெடுக்காதீர்கள், இருந்த இடத்திலேயே பொருத்தி வைத்துத் துணியால் சுற்றுங்கள். மருத்துவர்கள் தைத்துவிடுவார்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். முடிந்தவரை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அளவுக்கு வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுபோகப் பாருங்கள். கண், தாடை, ஒட்டுறுப்பு அறுவை என்று பல பிரிவு மருத்துவர்கள் தேவைப்படும்.

பலர் மறந்துவிடுகிற ஒன்று: கரடி கடித்தாலோ பிறாண்டினாலோ வெறிநாய்க்கடிக்குப் போடுகிற அதே ஊசிகள் வேண்டும். ரத்தப்போக்கு கட்டுக்குள் இருந்தால் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வைத்துக் காயத்தை 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள் எதுவும் அப்பாதீர்கள். தடுப்பூசி, காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின், டெட்டனஸ் ஊசி மூன்றையும் நீங்களே கேட்டு வாங்குங்கள். வனத்துறைக்கு அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள். இழப்பீட்டுக்கு மருத்துவமனைச் சீட்டுகள் ஒவ்வொன்றும் வேண்டியிருக்கும்.

வீரத்தால் ஆகாத காரியம்

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் பக்கத்தில், இருசக்கர வாகனத்தில் மசாலா விற்கப் போன ஒருவர் மேல் கரடி பாய்ந்தது. காப்பாற்ற ஓடினவர்களில் இரண்டு பேரையும் அது விடவில்லை. மூன்று பேருக்கும் முகத்தில் பலத்த காயம். மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் காட்டில் விட்ட அந்தக் கரடியும் பிறகு இறந்துபோனது. காப்பாற்றப் போன அந்த மனசைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதுமாதிரி நேரத்தில் தனியாகப் பாய்வதைவிட, பத்துப் பேராகச் சேர்ந்து தகரத்தையும் தட்டையும் அடித்துக்கொண்டு, கம்போடு, அது ஓடுவதற்கு ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு நெருங்குவதுதான் உதவும் என்கிறார்கள் வனத்துறை ஆட்கள். சுற்றி வளைத்து வீடியோ எடுக்கிற கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்ட கரடி, யார் மேலாவது விழுந்துதான் வெளியே போகும்.

கரடியைக் கொன்றால் தொல்லை தீர்ந்துவிடும் என்று பேசுகிறவர்களும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி, ஜெயில் நிச்சயம். அதைவிட, ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். ஏனென்றால் வரவழைக்கிற சாமான்கள் அப்படியே இருக்கின்றன. ரேஷன் கடையில் எண்ணெயும் சர்க்கரையும், கோயிலில் விளக்கெண்ணெய் ஊறிய துணி, தெருமுனையில் பேக்கரிக் கழிவு, வீட்டு வாசல் வரை வளர்ந்த உண்ணிப்புதர். இவற்றோடு விளக்கில்லாத ஒரு சந்தும், இருட்டில் வெளியே ஒதுங்கப் போகவேண்டிய நிலையும் சேர்ந்தால் தாக்குதலுக்கு வேண்டிய எல்லாம் தயார்.

இந்தப் பட்டியலில் ஒவ்வொன்றும் பஞ்சாயத்து செய்துதரக்கூடிய வேலை. கடைக்கு உறுதியான இரும்புக் கதவு, மூடிபோட்ட குப்பைத்தொட்டி, பாதையோரம் புதர் வெட்டுதல், எரிகிற தெருவிளக்கு, தண்ணீர் வருகிற கழிப்பறை. கரடிக்கு எதிரான கருவி என்று இதையெல்லாம் யாரும் நினைப்பதில்லை, ஆனால் காட்டோர ஊர்களில் இதைவிடப் பயனுள்ளது வேறு எதுவும் இல்லை. மே 1-ஆம் தேதி கிராமசபை கூடும். மலையடிவாரத்தில் இருக்கிறவர்கள் போய் உட்காருங்கள். கரடி என்று ஆரம்பித்தால் வனத்துறையைக் கைகாட்டிவிடுவார்கள். தெருவிளக்கு என்று ஆரம்பியுங்கள்.